மெசியர் பட்டியல்: ஒரு மறுவாசிப்பு

மெசியர் பட்டியல் என்பது பிரெஞ்சு வானியலாளர் சார்லஸ் மெசியர் (1730–1817) தொகுத்த நெபுலாக்கள், விண்மீன் கொத்துகள் ஆகியவற்றின் அட்டவணை. 1774, 1780, 1781 ஆகிய ஆண்டுகளில் மூன்று கட்டங்களாக அச்சில் வந்தது. முதல் கட்டத்தில் 45 பொருட்கள், இரண்டாவதில் 68, மூன்றாவதில் 103. இன்று புழக்கத்தில் இருப்பது 110. சிறு தொலைநோக்கி வாங்கும் எவரும், நிலவையும் வியாழனையும் சனியையும் பார்த்து முடித்தபின் அடுத்ததாகக் கையில் எடுப்பது இந்தப் பட்டியலைத்தான். ஆந்திரோமீடா பேரடைக்கு எம்-31 என்றும் ஓரியன் நெபுலாவுக்கு எம்-42 என்றும் பெயர் நிலைத்ததற்குக் காரணம் இதுவே.

இக்கட்டுரை அந்த 110 பொருட்களையும் விவரிப்பதற்கு எழுதப்பட்டதன்று. அதற்கு நூல்களும் செயலிகளும் போதிய அளவு உள்ளன. மெசியர் எழுதியதை ஒரு நூலாக எடுத்துக்கொண்டு, அது எதற்காக எழுதப்பட்டது, எங்கே பிழைத்தது, பின்வந்தவர்கள் அதை எப்படிப் பதிப்பித்தார்கள் என்று பார்ப்பதே நோக்கம். மெசியரின் மூல அட்டவணையில் ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே பொருளின் இருப்பிடத்தோடு, தொலைநோக்கியில் அது எப்படித் தெரிந்தது என்று ஒரு சிறு விவரிப்பும் உண்டு. எண் நம் கைக்கு வந்து சேர்ந்தது, விவரிப்பு வரவில்லை. புதிதாக வானம் பார்க்க வரும் மாணவர்களுக்கு இதனால் நேர்ந்திருக்கும் இழப்பு சிறியதல்ல என்பது என் கருத்து.

விலக்க வேண்டியவற்றின் பட்டியல்

1758 ஆகஸ்டு 28 அன்று, பாரிசில் ஒரு வால்வெள்ளியைப் பின்தொடர்ந்துகொண்டிருந்த மெசியர், இடப ராசியில் காளையின் கொம்பு நுனிக்கு அருகே ஒரு மங்கலான ஒளித்திட்டைக் கண்டார். பார்வைக்கு வால்வெள்ளி போலவே இருந்தது, ஆனால் நகரவில்லை. இதுதான் எம்-1, இன்று நண்டு நெபுலா. 1054-இல் சீனர்கள் பதிவுசெய்த விண்மீன் வெடிப்பின் எச்சம் அது என்பதெல்லாம் வெகு பிற்காலத்துச் செய்தி. இங்கிலாந்தில் ஜான் பெவிஸ் 1731-இலேயே அதைக் கண்டிருந்தார். மெசியருக்கு அப்போது அது தெரியாது. தெரிந்த பிறகு பெவிசின் பெயரைப் பட்டியலில் குறித்தார்.

வால்வெள்ளி தேடுபவருக்கு இத்தகைய திட்டுகள் ஒரு தொந்தரவு. ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று இரவுகள் பார்த்து, நகர்கிறதா இல்லையா என்று உறுதிசெய்தாக வேண்டும். அதற்குள் வேறொருவர் உண்மையான வால்வெள்ளியைக் கண்டுபிடித்துவிடலாம். பதினெட்டாம் நூற்றாண்டில் வால்வெள்ளியைக் கண்டுபிடித்தவருக்குக் கிடைத்த புகழை நினைத்தால் அந்த அவசரம் புரியும். ஆகவே மெசியர் தொகுத்தது 'இவற்றைப் பார்த்து ஏமாறாதீர்கள்' என்ற பட்டியல். நாம் அதை 'இவற்றைத் தவறாமல் பாருங்கள்' என்ற பட்டியலாக வாசிக்கிறோம்.

இது முரண் நகை என்ற அளவில் பலரும் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகும் செய்திதான். ஆனால் நோக்கம் மாறினால் நூலின் குறைகளும் மாறும் என்பதை யாரும் தொடர்ந்து பார்ப்பதில்லை. வில்லியம் ஹெர்ஷல் 1786 முதல் ஆயிரக்கணக்கில் நெபுலாக்களை வெளியிடத் தொடங்கியபின் மெசியர் அதற்கு ஒரு விளக்கம் எழுதினார். தம் வேலை வேறு. பெரிய கருவியில் மட்டும் தெரியும் நெபுலாக்கள் வால்வெள்ளி தேடுபவருக்கு உதவா. சிறு தொலைநோக்கியில் தெரிபவையே தமக்குத் தேவை என்பது அதன் சாரம். தோற்றவர் சொல்லும் சமாதானமாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. தம் நூலின் எல்லையை ஆசிரியரே வரையறுத்துச் சொன்ன இடம் இது. தற்செயலாக, அந்த எல்லைதான் பட்டியலைப் பொழுதுபோக்கு வானியலாளர்களின் கையில் இன்றுவரை வைத்திருக்கிறது. 8 அல்லது 10 செ.மீ. தொலைநோக்கியில் தெரிபவை மட்டும் வேண்டும் என்றால், ஏறத்தாழ அதே திறன் கொண்ட கருவிகளை வைத்திருந்தவரின் பட்டியல் பொருந்தத்தானே செய்யும்.

நோக்கத்தால் வந்த பெரிய குறை, வகைப்பாடு இல்லாமை. கண்ட வரிசையில் எண் கொடுத்துக்கொண்டே போனார். இதே காலத்தில் லாகாய் என்ற இன்னொரு பிரெஞ்சு வானியலாளர், 1751–52-இல் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து தெற்கு வானத்தை அளந்து, 42 பொருட்களை 1755-இல் வெளியிட்டிருந்தார். விண்மீன் தெரியாத நெபுலாக்கள், நெபுலா போலத் தோன்றும் விண்மீன் கூட்டங்கள், நெபுலா சூழ்ந்த விண்மீன்கள் என மூன்று வகை, வகைக்குப் பதினான்கு. அந்த வகைகள் இன்றைக்குப் பொருந்தாமல் போகலாம். இவை என்ன என்று கேட்டவர் லாகாய். இவை வால்வெள்ளி இல்லை என்பதோடு மெசியர் நிறுத்திக்கொண்டார்.

தம் நோக்கத்தையும் அவர் முழுதாகக் கடைப்பிடிக்கவில்லை. 1769 மார்ச் 4 அன்று ஒரே இரவில் எம்-42 முதல் எம்-45 வரை சேர்த்தார். ஓரியன் நெபுலாவும் அதன் துணையும், பூசம் எனப்படும் கடகக் கொத்து, கார்த்திகைக் கூட்டம். கார்த்திகையை வால்வெள்ளி என்று மயங்கியவர் உலகில் யாரும் இருந்திருக்க முடியாது. நம் ஊரில் படிக்காத பாட்டியும் அதைச் சுட்டிக்காட்டுவாள். இவற்றைச் சேர்த்தவர், வெறும் கண்ணுக்கே தெரியும் பெர்சியசின் இரட்டைக் கொத்தைச் சேர்க்கவில்லை. லாகாயின் 42-ஐத் தாண்டிக் காட்டவே எண்ணிக்கையை உயர்த்தினார் என்று ஓர் ஊகம் உண்டு. ஊகம்தான், ஆனால் இதைவிட நல்ல விளக்கம் என் கண்ணில் படவில்லை.

எண்ணுக்கு எதிரே இருந்த வாக்கியம்

ஹெர்குலிஸ் தொகுதியில் உள்ள எம்-13, சில லட்சம் விண்மீன்கள் அடர்ந்த கோளகக் கொத்து. மெசியரின் விவரிப்பில் அது உருண்டையான, நடுவில் பிரகாசமான ஒரு நெபுலா. அதில் விண்மீன் ஏதும் இல்லை என்று அவர் உறுதியாகச் சொல்கிறார். பொருளைப் பற்றிய கூற்று என்ற முறையில் இது முழுத் தவறு. ஆனால் 7 செ.மீ. தொலைநோக்கியில், நகர வெளிச்சத்துக்கு நடுவே, மொட்டை மாடியிலிருந்து எம்-13-ஐப் பாருங்கள். அவர் எழுதியதுதான் தெரியும். அவர் பட்டியலிட்ட கோளகக் கொத்துகளில் விண்மீன்களாகப் பிரித்துப் பார்க்க முடிந்தது எம்-4 ஒன்றைத்தான். அது மிக அருகில் உள்ள, தளர்வான கொத்து.

எம்-51 இன்னும் தெளிவான சான்று. இன்றைய நூல்களில் அது சுழல் பேரடைக்கு இலக்கணம். ஹபிள் படத்தில் நீலமும் செம்மையுமாகச் சுழலும். 1773-இல் அதைக் கண்ட மெசியர், பிறகு அதற்கு எழுதிய குறிப்பு, ஒவ்வொன்றும் தன் நடுவில் பிரகாசமான இரண்டு நெபுலாக்கள், விளிம்பில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பவை என்ற அளவில் நிற்கிறது. சுழல் வடிவம் தெரிய, அயர்லாந்தில் ரோஸ் பிரபு 72 அங்குல ஆடி கொண்ட தொலைநோக்கியைக் கட்டி 1845-இல் பார்க்க வேண்டியிருந்தது. சிறு கருவியில் இன்றும் நமக்குத் தெரிவது மெசியரின் இரண்டு திட்டுகள்தான். சாம்பல் நிறத்தில்.

தொலைநோக்கி வாங்கிய மாணவர் எம்-51 என்று தேடுகிறார். அட்டவணை தருவது வகை, தொலைவு, ஒளிர்வு, விண்மீன் தொகுதி. பக்கத்தில் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த படம். இரவில் கண்ணை வைத்தால் இரண்டு மங்கல் திட்டு. கருவி பழுது என்றோ, தமக்குப் பார்க்கத் தெரியவில்லை என்றோ முடிவு செய்கிறார். பலர் அத்தோடு தொலைநோக்கியைப் பெட்டியில் வைத்து மூடிவிடுகிறார்கள். நான் பார்த்தவரை தமிழில் கிடைக்கும் மெசியர் அட்டவணைகளும் இதே அச்சில்தான் வார்க்கப்பட்டுள்ளன. எல்லாப் பத்திகளும் பிற்காலத்தவை. மெசியருடையது எண் மட்டுமே. அந்த மாணவருக்கு வேண்டியிருந்தது, தன் கருவியை ஒத்த கருவியில் பார்த்த ஒருவர், தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதிய ஒரு வரி. அது 1781-லேயே எழுதப்பட்டுவிட்டது.

எல்லா விவரிப்புகளும் ஒரே தரத்தில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பல, விண்மீன் இல்லாத நெபுலா, பார்க்கக் கடினம் என்ற அளவில் முடிந்துவிடுகின்றன. கன்னி ராசிப் பகுதியில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் வேறுபாடு தெரிவதில்லை. யாழ்த் தொகுதியின் வளைய நெபுலாவுக்கு (எம்-57), மிகச் சிறிய விண்மீன்களால் ஆனதாக இருக்கலாம், கருவியில் தெரியவில்லை என்று ஐயத்தோடு எழுதினார். அது வாயுவால் ஆனது. அதே வளையத்தை அதே நாட்களில் தனியே கண்ட தார்கியே, மங்கிக்கொண்டிருக்கும் ஒரு கோளோடு ஒப்பிட்டார். உவமை என்ற வகையில் அது மெசியரைவிட மேல். ஆந்திரோமீடாவுக்கு மட்டும் மெசியர் சற்று நின்று, அடிகள் ஒன்றையொன்று நோக்கிப் பொருந்திய இரு ஒளிக் கூம்புகள் என்று படம்போல எழுதியிருக்கிறார். இப்படி நிற்கும் இடங்கள் மிகக் குறைவு. அவர் மொழியில் நயம் தேடிப் போகிறவர் ஏமாறுவார். தெரியாததைத் தெரிந்ததாக அவர் எழுதுவதில்லை என்பதே அதன் பலம்.

மார்ச் மாதக் கடைசியில் ஒரே இரவில் 110 பொருட்களையும் பார்த்துவிடும் 'மெசியர் மாரத்தான்' என்ற வழக்கம் 1970-களில் தொடங்கியது. பத்து மணி நேரம் என்று வைத்தாலும் பொருளுக்கு ஐந்தரை நிமிடம்; அதில் பெரும்பகுதி தேடவே போய்விடும். வானத்தில் வழி கண்டுபிடிக்கும் பயிற்சியாக இது நல்லதே. பார்ப்பதற்கான பயிற்சியாக இதை ஏற்க முடியவில்லை. மெசியருக்கு 23 ஆண்டுகள் பிடித்தன.

பிழைகளும் சேர்ப்புகளும்

ஓலைச்சுவடி அச்சேறிய வரலாறு அறிந்த தமிழ் வாசகர்களுக்கு இந்தப் பகுதி அந்நியமாக இராது. பாட வேறுபாடு, இடைச்செருகல், தொலைந்த பகுதி எல்லாம் இந்தச் சிறு அட்டவணையிலும் உண்டு.

எம்-40 நெபுலாவே இல்லை, இரண்டு விண்மீன்கள். ஹெவேலியஸ் அங்கே ஒரு நெபுலா உண்டு என்று எழுதியிருந்ததால் மெசியர் தேடிப் போனார். இரண்டு விண்மீன்களைத் தவிர வேறெதுவும் இல்லை என்று கண்டார். கண்டதை எழுதி எண்ணும் கொடுத்துவிட்டார். விவரிப்பு இல்லாத அட்டவணையில் எம்-40 அசட்டுப் பிழையாகத் தெரியும். விவரிப்போடு வாசித்தால் முன்னவர் பிழையைத் திருத்திய குறிப்பு அது. எம்-73, நான்கு விண்மீன்களின் தற்செயலான கூட்டு. அதற்கு இப்படிச் சமாதானம் சொல்ல இயலாது.

எம்-47 குறித்த இடத்தில் எதுவும் இல்லை. சுட்டு விண்மீனிலிருந்து எடுத்த அளவைக் கூட்டுவதற்கும் கழிப்பதற்கும் இடையே குறி மாறிப்போனதுதான் காரணம் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் தெளிவானது. எம்-91-இன் கதை இதைவிடச் சுவையானது. 1781 மார்ச் 18 இரவில் மெசியர் கன்னிப் பகுதியில் எட்டு நெபுலாக்களையும், ஹெர்குலிஸில் எம்-92 கொத்தையும் பதிவுசெய்தார். ஐந்து நாட்களுக்கு முன்புதான் இங்கிலாந்தில் ஹெர்ஷல் யுரேனசைக் கண்டிருந்தார். இருவருக்கும் அது மறக்க முடியாத மாதம். அந்த எட்டில் கடைசியான எம்-91 பின்னர் யாருக்கும் அகப்படவில்லை. வால்வெள்ளியைத் தவிர்க்கப் பட்டியல் போட்டவர் ஒரு வால்வெள்ளியையே பட்டியலில் சேர்த்துவிட்டாரோ என்றுகூடச் சந்தேகித்தார்கள். 1969-இல் டெக்சாசைச் சேர்ந்த பொழுதுபோக்கு வானியலாளர் வில்லியம் வில்லியம்ஸ் விடை கண்டார். மெசியர் அளவெடுத்தது எம்-89-இலிருந்து. கணக்குப் போடும்போது அதை எம்-58 என்று எண்ணிவிட்டார். அதே இடப்பெயர்ச்சியை எம்-89-இலிருந்து எடுத்தால் என்.ஜி.சி. 4548 என்ற பேரடைக்கு அருகே வந்து நிற்கிறோம். மூலத்தை வரிவரியாக வாசித்ததால் கிடைத்த திருத்தம் இது. தொலைநோக்கி வேண்டியிருக்கவில்லை.

எம்-102 இன்னும் தீரவில்லை. நண்பர் பியர் மெஷேன் சொன்னதை, அச்சுக்குப் போகும் அவசரத்தில் மெசியர் அப்படியே சேர்த்தார். 1783-இல் எழுதிய கடிதத்தில் மெஷேனே, அது எம்-101-ஐ இரண்டாம் முறை பார்த்ததுதான் என்று சொல்லித் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆனாலும் பெரும்பாலான அட்டவணைகள் அந்த எண்ணை டிராக்கோ தொகுதியின் என்.ஜி.சி. 5866-க்குக் கொடுத்து இடத்தை நிரப்புகின்றன. கண்டவரே மறுத்த ஒன்றைக் காப்பாற்றுவதற்கு, 110 என்ற எண் குறையக் கூடாது என்பதைத் தவிர வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்து, 103-க்கு மேல் உள்ள ஏழு. இவை எதுவும் மெசியர் அச்சிட்ட பட்டியலில் எண்ணோடு இல்லை. எம்-104-ஐ 1921-இல் ஃபிளமாரியோன் சேர்த்தார். மெசியர் தம் சொந்தப் பிரதியில் கையால் எழுதிவைத்த குறிப்பு அதற்கு ஆதாரம். 105 முதல் 107 வரை 1947-இல் கனடாவின் ஹெலன் சாயர் ஹாக் சேர்த்தார். ஆதாரம் மெஷேனின் அதே கடிதம். 108, 109 இரண்டும் ஓவன் ஜிஞ்சரிச் சேர்த்தவை. எம்-97-க்கான விவரிப்பிலேயே அவற்றைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. எம்-110, 1960-களில் கென்னத் கிளின் ஜோன்ஸ் சேர்த்தது. மெசியர் வரைந்த ஆந்திரோமீடாப் படத்தில் அது காணப்படுகிறது. நான்கு சேர்ப்புக்கும் நான்கு விதமான சான்று. 104-ஐ ஆசிரியரின் கையெழுத்தே தாங்குகிறது. 108-உம் 109-உம் மூலத்தின் உள்ளேயே உறங்கியவை. 105 முதல் 107 வரை உள்ளவை, கறாராகப் பார்த்தால், மெஷேனுடையவை. இதை இடைச்செருகல் என்று தள்ளிவிடச் சொல்லவில்லை. எது யாருடையது என்று அட்டவணையில் ஒரு பத்தி போட்டால் போதும். மெசியரே முன்னோர் பெயரைக் குறித்தவர்தான். 103-இல் முதன்முதலாக அவரே கண்டவை பாதிக்கும் குறைவு என்பதை அவர் மறைக்கவில்லை.

பாரிசின் அடிவானம்

பாரிஸ் ஏறத்தாழ 49 பாகை வடக்கு அகலாங்கில் உள்ளது. அங்கிருந்து, தெற்கே 41 பாகைக்கு அப்பாலுள்ள எதுவும் அடிவானத்துக்கு மேலே வராது. பட்டியலில் தென்கோடியில் இருப்பது விருச்சிகத்தின் வாலருகே உள்ள எம்-7. பாரிசில் அது உச்சத்தில் இருக்கும்போதே 6 பாகை உயரம்தான். சென்னையில் அதே கொத்து 42 பாகை உயரத்துக்கு வருகிறது. மெசியர் கூரைகளுக்கும் புகைக்கும் மேலே எட்டிப் பிடித்ததை நாம் சாய்ந்து உட்கார்ந்து பைனாகுலரில் பார்க்கலாம். ஐரோப்பிய, அமெரிக்க நூல்களில் எம்-7, எம்-83 போன்றவற்றுக்கு 'தாழ்வானது, பார்ப்பது சிரமம்' என்று எழுதியிருப்பதைத் தமிழில் அப்படியே பெயர்த்து வைப்பது பிழை. மறுபுறம், அங்கே தலைக்கு மேல் நிற்கும் எம்-81, எம்-82 இரண்டும் சென்னையில் 34 பாகையைத் தாண்டுவதில்லை, சிங்கப்பூரில் 22. தொடக்கநிலைக்கு உகந்தது என்று எல்லா நூல்களும் சொல்லும் எம்-31, மாலை வானில் உயரே வரும் ஐப்பசி, கார்த்திகை மாதங்கள் தமிழ்நாட்டிலும் ஈழத்தின் வடக்கு கிழக்கிலும் மழைக்காலம்.

ஆகவே நம் அகலாங்கில் இருப்பவருக்கு மெசியர் பட்டியல் அரை வானப் பட்டியல். 1995-இல் பேட்ரிக் மூர் வெளியிட்ட கால்டுவெல் பட்டியல் இந்தக் குறையை ஓரளவு தீர்க்கிறது. மெசியரில் இல்லாத 109 பொருட்கள். வடக்கிலிருந்து தெற்காக வரிசைப்படுத்தியவை என்பதால், எந்த ஊரில் இருப்பவரும் தமக்குரிய எண்ணில் தொடங்கி, தமக்குரிய எண்ணில் நிறுத்தலாம். அந்த வரிசை முறை மெசியரின் முறையைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் 109 என்ற எண், மெசியரோடு பொருந்துவதற்காகவே தேர்ந்தது போல இருக்கிறது. சிறு கருவிக்கு எட்டாத மங்கலான சிலவும் அதில் புகுந்துவிட்டன.

கால்டுவெல் எண் 80, ஒமேகா சென்டாரி. முழு வானத்திலும் பிரகாசமான கோளகக் கொத்து. மே மாத நடுவில் இரவு பத்து மணி அளவில் சென்னையில் தெற்கே 29 பாகை உயரத்திலும், கன்னியாகுமரியில் 34 பாகை உயரத்திலும் நிற்கும். இருண்ட ஊரில் வெறும் கண்ணுக்கே மங்கலான விண்மீன் போலத் தெரியும், பைனாகுலரில் உருண்டையான பஞ்சுத் திட்டு, 15 செ.மீ. தொலைநோக்கியில் விளிம்பிலிருந்து உள்நோக்கி விண்மீன்கள் ஒவ்வொன்றாகப் பிரியத் தொடங்கும். ஹேலி 1677-இல் அதை நெபுலாவாகக் குறித்தார். லாகாய் அரை அங்குலக் கருவியில் பார்த்துத் தம் 42-இல் சேர்த்தார். மெசியர் வாழ்நாளில் ஒருமுறையும் அதைப் பார்க்கவில்லை.